பச்சை மூடித் தீர்த்தம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேனாம்பேட்டுக்கு வந்து பாருங்கள், கண்கொள்ளாக் காட்சி. அம்பத்தூர் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோக்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "கேன்சாமி, கேன்சாமி" என்றுதான் கூவுகின்றன. ஆவடியிலிருந்து வருகிறார்கள், பூந்தமல்லியிலிருந்து வருகிறார்கள், வேப்பம்பட்டிலிருந்து காலி கேனைத் தூக்கிக்கொண்டு மின்சார ரயிலில் வருகிறார்கள். வாரம் முழுக்கக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டும் ஐ.டி. பிள்ளைகள் அப்பா அம்மாவைக் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். வருகிற அத்தனை பேருக்கும் சர்க்கரை. அத்தனை பேருக்கும் மாத்திரை என்றால் வேப்பங்காய். மாத்திரையை நிறுத்திவிட்டு என் தண்ணீரைக் குடி என்று ஒருவன் சொன்னால், அவன் கடவுளாகாமல் வேறு என்ன ஆவான்?

அந்தக் கடவுளின் பழைய பெயர் பாபு. இதே தெருக்களில் தோளில் வாட்டர் கேன் சுமந்து மாடி மாடியாக ஏறி இறங்கியவன். உழைத்த காலத்தில் ஒருவரும் அவனைக் கும்பிடவில்லை. "இன்னாப்பா, இவ்ளோ லேட்டு" என்று திட்டத்தான் செய்தார்கள். ஒருநாள் காவி கட்டினான். கேனுக்குள் மூன்று தடவை ஊதினான். தீர்த்தபாலர் ஆகிவிட்டான். அதே கேன், அதே போர் தண்ணீர், அதே நீல மூடி. ஆனால் இப்போது விலை என்று கேட்டால் பாவம், காணிக்கை என்று சொல்ல வேண்டும்.

பழைய சாமியார்கள் வெறுங்கையில் விபூதி வரவழைத்தார்கள். படித்தவர்கள் நிறைந்துவிட்ட ஊரில் அந்த வித்தை எடுபடுமா? தீர்த்தபாலர் சதவீதம் வரவழைத்தார். கொட்டகை வாசலில் பாதித் தெருவை அடைத்து ஒரு பிளெக்ஸ்: "ஆய்வில் நிரூபணம். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்குச் சர்க்கரை குறைந்தது." விபூதியைப் பார்த்துச் சிரிக்கிறவன்கூடச் சதவீதத்தைப் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விடுகிறான்.

இந்தப் பிளெக்ஸைப் பார்க்கும்போதெல்லாம் எழிலரசிக்கு வயிறு எரியும். அவள் பிழைப்பே ஆய்வுதான். சுகாதார ஆராய்ச்சி அலுவலகம் ஒன்றில் கேள்வித்தாள் தயாரிக்கிற வேலை. ஒரு நோயைப் பற்றி ஜனங்களுக்கு என்ன தெரியும், அதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள், நிஜத்தில் என்ன செய்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டுவர வேண்டும். முதல் இரண்டையும் எப்படியாவது வாங்கிவிடலாம். மூன்றாவதில்தான் மனிதர்கள் கூசாமல் புளுகுவார்கள். "சாப்பிடும் முன் கை கழுவுவீர்களா?" என்று கேட்டால் ஊரே கழுவும். "சோப்பு எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்றால்தான் வீட்டுக்காரர் பரண்மேல் ஏறித் தேடுவார். கேட்கிற விதத்தில் இருக்கிறது எல்லாம்.

புதுக் கேள்வித்தாள் எதுவானாலும் எழிலரசி அதை முதலில் தன் மாமியாரிடம்தான் கேட்டுப் பார்ப்பாள். மாமியார் வேம்புலியம்மாள் மேனாம்பேட்டிலேயே பிறந்து, மேனாம்பேட்டிலேயே வாழ்க்கைப்பட்டவள். அவளிடம் தேறிய கேள்வி எவரிடமும் தேறும். சர்க்கரை நோய்க்கான புதுத் தாளை எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் அவள் எதிரில் உட்கார்ந்தாள் எழிலரசி.

"அத்தை, சர்க்கரை மாத்திரை தெனமும் போடறீங்களா?"

"போடாம? வேளா வேளைக்குப் போட்டுகினுதான் கீறேன்."

"சரி, அந்த அட்டையைக் கொஞ்சம் எடுத்துகினு வாங்க."

வேம்புலியம்மாள் இடத்தைவிட்டு அசையவில்லை. "அட்டை இன்னாத்துக்கு? வாயால சொன்னா பத்தாதா?"

எழிலரசியே எழுந்துபோய் எடுத்தாள். அட்டையில் ஒரு மாத்திரைகூடப் பிதுக்கப்படவில்லை. அலமாரிக்குப் பக்கத்தில், சுவரோரமாக, நீல மூடி போட்ட கேன் ஒன்று குத்துக்கல்லாக உட்கார்ந்திருந்தது.

அதோடு போயிருந்தால் மாமியார் மருமகள் சண்டையோடு முடிந்திருக்கும். ஆனால் சில நாட்களாகவே மாமியார் இடது காலைச் சாய்த்துச் சாய்த்து வைப்பதை எழிலரசி கவனித்திருந்தாள். புடவைக் கரையைத் தூக்கச் சொன்னாள். சுண்டுவிரலுக்கு அடியில் ஒரு புண். ஓரமெல்லாம் கறுத்திருந்தது. கணக்கெடுப்புக்குப் போன எத்தனையோ வீடுகளில் எழிலரசி இந்தக் கறுப்பைப் பார்த்திருக்கிறாள். அது எங்கே போய் முடியும் என்பதையும் பார்த்திருக்கிறாள்.

"இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போலாம் அத்தை."

"செருப்பு கடிச்சதும்மா. தீர்த்தம் ஊத்திகினு வர்றேன், ஆறிடும்."

"இது ஆறாது."

"வர்ற ஞாயித்துக்கெயம பெரிய தீர்த்தம் குடுக்குறாங்க. அதுக்கு முன்னாடி ஊசி, மருந்துன்னு போனா பலிக்காதுன்னு சாமி சொல்லிகீது. அது முடியட்டும், அப்பால பாக்கலாம்."

கணவன் இளங்கோவிடம் முறையிட்டாள். அவன் மனைவியிடம் "நீ சொன்னா கேப்பாங்க" என்றான். அம்மாவிடம் போய் "அவ சொல்றாம்மா" என்றான். இப்படி இரண்டு பக்கமும் கடமையை முடித்துவிட்டு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நைட் ஷிப்டுக்குக் கிளம்பிப் போனான். எழிலரசி தெரிந்த டாக்டருக்குப் புண்ணைப் படம் எடுத்து அனுப்பினாள். அவர் ஒரே வரியில் பதில் போட்டார்: தாமதிக்கிற ஒவ்வொரு நாளும் காலுக்குத்தான் கேடு.

கெஞ்சினாள், அழுதாள், அதட்டிக்கூடப் பார்த்தாள். வேம்புலியம்மாள் கடைசியில் ஒன்று கேட்டாள். "நீ தெருத் தெருவா போய் கேட்டுகினு வந்தா அது ஆய்வு. அவங்க கேட்டா மட்டும் பொய்யா? நூத்துல தொண்ணூத்தேழு பேருன்னு போட்டுகீது. படிச்ச புள்ள கம்ப்யூட்டர்ல போட்டு எடுத்துகீறான். அவ்ளோ பேரும் முட்டாளு, நீ ஒருத்திதான் புத்திசாலியா?"

எழிலரசிக்குப் பதில் சொல்லத் தெரியாமல் இல்லை. சொன்னால் மாமியார் காதில் ஏறாது என்பதுதான் தெரிந்தது. ஆகவே மறுநாள் மாலை நேராகக் கொட்டகைக்குப் போனாள்.

அந்தப் படித்த பிள்ளையின் பெயர் வினோத். ஈரோட்டுப் பக்கத்துக்காரன், ஐ.டி. வேலை, பக்கத்து அடுக்குமாடியில் குடியிருப்பு. கெட்டவன் இல்லை, பாவம். அவனும் அவன் அம்மாவுக்காகத்தான் முதலில் வந்தான். கொட்டகைக்குக் கேன் வாங்கிப் போடுவதும் அவன்தான், டேப்லெட்டில் சர்வே எடுப்பதும் அவன்தான். சுகாதார சர்வே செய்கிற மேடமே தேடி வந்துவிட்டார் என்றதும் உச்சி குளிர்ந்துபோய் டேப்பைத் திறந்து காட்டினான்.

திரையில் இருந்த கேள்வி இதுதான்: தீர்த்தம் குடித்த பிறகு உங்கள் சர்க்கரை எந்த அளவுக்குக் குறைந்தது? கீழே மூன்று பதில்கள். கொஞ்சம், நன்றாக, முழுவதும்.

"குறையவே இல்லைன்னா எதைத் தொடறது வினோத்?"

"குறையாம எப்படிங்க மேடம் இருக்கும்?"

"அப்ப நூத்துல அந்த மூணு பேர் யாரு?"

"அவிங்க பதில் சொல்றப்ப நெட்டு கட்டாயிருச்சுங்க."

எழிலரசி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "கேள்வியை யார் கேக்குறாங்க?"

"நம்ம தொண்டருங்கதானுங்க. காவித் துண்டு போட்டுட்டு, சாமி ஆசனத்துக்கு முன்னாலயே வெச்சுக் கேப்பாங்க. பதில் சொன்ன ஒடனே லட்டு."

சர்க்கரை நோயாளிக்கு லட்டு. அதைக்கூட இதுவரை ஒரு பக்தர் ஏன் என்று கேட்டதில்லை.

"ஒரு தடவை வந்துட்டு அப்புறம் வராமலே போனவங்க?"

"வராதவங்ககிட்ட எப்படிங்க கேக்கறது?" என்றான் வினோத், மிகவும் நியாயமாக.

அதானே. மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடப்பவன் ஞாயிற்றுக்கிழமை எழுந்து வந்து டேப்பைத் தொடுவானா? செத்தவன் எந்த ஊர் சர்வேயிலாவது குறை சொல்லியிருக்கிறானா? மிச்சம் இருக்கிறவர்களை மட்டும் கேட்டால் உலகத்தில் எல்லா வைத்தியமும் பலித்த வைத்தியம்தான்.

இதையெல்லாம் எடுத்துச் சொல்லி எழிலரசி ஒரு பிரசங்கமே செய்திருக்கலாம். செய்யவில்லை. கெட்டிக்காரி. "நல்லா செஞ்சிருக்கீங்க. ஒரே ஒரு கேள்வி மட்டும் சேர்த்துக்குங்க" என்றாள்.

"சொல்லுங்க மேடம்."

"எங்க ஆபீஸ்ல, உலகத்துலயே இல்லாத ஒரு பொருளைப் பத்தியும் நடுவுல ஒரு கேள்வி வெப்போம். இல்லாததை இருக்குன்னு எத்தனை பேர் சொல்றாங்களோ, அந்த அளவுக்கு மத்த பதிலையும் நம்பக் கூடாது. அதுதான் பரீட்சை."

வினோத் சிரித்துவிட்டான். "எங்க பக்தர்கள் பொய் சொல்ல மாட்டாங்கங்க."

"அப்ப வெச்சுப் பார்க்க இன்னா பயம்?"

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டு அவனே சொன்னான்: "கேன் ஆர்டர் போடறது நானுங்க. இன்னிக்கு வரைக்கும் எல்லாமே நீல மூடிதான். போன மாசம் சாமி கொடுத்த பச்சை மூடித் தீர்த்தத்துல எந்த அளவுக்குக் குறைஞ்சுதுன்னு கேக்கலாங்க. எல்லாரும் அப்படி ஒண்ணு இல்லவே இல்லைம்பாங்க. நம்ம ரிப்போர்ட்டும் இன்னும் ஸ்ட்ராங்காயிரும்."

"அதுல 'நான் குடிக்கவில்லை'ன்னு ஒரு பதிலையும் சேருங்க. முதல் பதிலாவே இருக்கட்டும். நியாயம்னா நியாயம். சாமிகிட்ட மட்டும் இப்ப சொல்லாதீங்க. முன்னாடியே தெரிஞ்சா அது பரீட்சை இல்லை."

வினோத் ஒத்துக்கொண்டான். உண்மையாக நம்புகிறவனுக்குத்தான் அந்தத் தைரியம் வரும். பாபுவிடம் கேட்டிருந்தால் டேப்பைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டிருப்பான்.

பெரிய தீர்த்த நாள் வந்தது. கொட்டகை நிரம்பித் தெரு நிரம்பித் தெருமுனை டீக்கடையும் நிரம்பியது. வரிசை நகர நகர, காவித் துண்டுக்காரர்கள் டேப்பும் லட்டுத் தட்டுமாகக் கேட்டுக்கொண்டே வந்தார்கள். எழிலரசி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"பச்ச மூடியா?" என்றாள் மீன் விற்கும் அஞ்சலை. "அதக் குடிச்ச அப்பாலதாம்பா எனக்கு உசுரே வந்துச்சு. முழுசான்னு போட்டுக்க."

காரில் வந்திறங்கிய பெரியவர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நீலத்தைவிடப் பச்சையில் வேகம் அதிகம், ஆனால் குடித்தவுடன் காற்றோட்டமாக உட்கார வேண்டும் என்று அனுபவபூர்வமாகச் சொன்னார். இன்னொரு அம்மாள் பச்சை மூடியைத் தூக்கிப் போட மனம் வராமல் பூஜை அறையில் வைத்திருப்பதாகச் சொன்னாள். பின்னால் நின்றவர்கள் இதையெல்லாம் கேட்டுக் கேட்டுத் தங்கள் முறை வருவதற்குள் பச்சை மூடியைக் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள்.

ஒரே ஒரு ஆள் மட்டும் தகராறு செய்தார். சவாரி இறக்கிவிட்டு லட்டுக்காக வரிசையில் நின்ற ஷேர் ஆட்டோ டிரைவர் அப்துல் ரசாக். "பச்சையும் குடிக்கல, நீலமும் குடிக்கல நைனா. லட்டு குடுத்தா போய்கினே இருப்பேன்" என்றார். லட்டு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். உண்மை பேசியதற்கு அந்த வரிசையில் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

பிறகு வேம்புலியம்மாள் முறை வந்தது. காலை இழுத்து இழுத்து வந்து நின்றாள். தொண்டன் கேள்வியைப் படித்தான். அவள் தட்டைப் பார்த்தாள், ஆசனத்தைப் பார்த்தாள், பின்னால் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தாள். "முழுசா கொணமாயிட்ச்சுப்பா" என்றாள் மெல்லிய குரலில். எழிலரசிக்கு அந்த நிமிஷம் மாமியார்மேல் கோபம்கூட வரவில்லை, பயம்தான் வந்தது.

மதியம் முடிவு வாசிப்பு. மாதா மாதம் வினோத் மைக்கில் சதவீதத்தைப் படிப்பான், சாமி அதற்கு அருள்வாக்கு சொல்வார். அன்றைக்கு டேப்பைப் பார்த்த வினோத்தின் முகத்தில் ஈயாடவில்லை. "பச்சை மூடித் தீர்த்தம்... நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது பேருக்கு..." என்றவன் அதற்குமேல் பேச முடியாமல் நிறுத்திக்கொண்டான்.

பாபுவுக்கு அந்தத் தவிப்பெல்லாம் கண்ணில் படவில்லை. தொண்ணூற்றொன்பது என்றதுமே காது குளிர்ந்துவிட்டது. மைக்கை வாங்கிக்கொண்டான். "பக்தகோடிகளே, பச்சை மூடியை யாமாகக் கொடுத்தோம் என்றா நினைத்தீர்கள்? இமயத்துச் சித்தர் ஒருவர் எம் கனவில் தோன்றி, 'குழந்தாய், நீலம் போதாது, பச்சை கொடு' என்று ஆணையிட்டார். ஒரு மண்டலம் பட்டினி கிடந்து ஊதிய தீர்த்தமல்லவா அது?"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. எழிலரசி கையை உயர்த்திக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சாமி, அந்தப் பச்சை மூடிக் கேன் ஒண்ணைக் கண்ணுல காட்டுங்களேன். நானும் கும்பிட்டுக்கறேன்."

"அது தீர்ந்துவிட்டது மகளே. பக்தர்கள் அருந்தித் தீர்த்துவிட்டார்கள்."

"வினோத், கேன் வாங்கறது நீங்கதானே? இதுவரைக்கும் எத்தனை பச்சை மூடி வாங்கினீங்க?"

வினோத் தலையைக் குனிந்துகொண்டே பேசினான். மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்டது. "ஒண்ணுகூட வாங்கலைங்க. அப்படி ஒண்ணு இல்லவே இல்லைங்க. பக்தர்கள் உண்மை பேசறாங்களான்னு பார்க்க நான்தான் அந்தக் கேள்வியை வெச்சேன்."

தீர்த்தபாலரின் செந்தமிழ் அங்கேயே கழன்று விழுந்தது. "யோவ் வினோத்து, இன்னாய்யா சொல்ற? மின்னாடியே என்னாண்ட சொல்றதுக்கு இன்னா?"

கூட்டத்தில் சலசலப்பு. இனி ஆள் தொலைந்தான் என்றுதானே நினைக்கிறீர்கள்? அங்கேதான் நீங்கள் நம் ஜனங்களை அறியாதவர்கள். பாபு ஒரு நொடியில் சுதாரித்துக்கொண்டு கையை உயர்த்தினான். "மூடி நீலந்தான். உண்மையான பக்தி உள்ளவர் கண்ணுக்கு மட்டும் அது பச்சையாகத் தெரியும்."

கூட்டம் ஒரு கணம் யோசித்தது. பிறகு மெல்ல மெல்லத் தலையாட்ட ஆரம்பித்தது. "எனக்கு அப்பவே லேசா பச்சையாத்தான் தெரிஞ்சுது" என்றார் கார்க்காரப் பெரியவர். அஞ்சலை, "எனக்கு நல்லாவே தெரிஞ்சுச்சு" என்றாள். எழிலரசி படித்த படிப்பு, பார்க்கும் வேலை, ஐந்து நாளாகப் போட்ட திட்டம் எல்லாம் ஒரே வாக்கியத்தில் தவிடுபொடியாகிவிடும் போலிருந்தது.

அப்போது கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. "எனக்கு நீலமாத்தான் தெரியுது."

வேம்புலியம்மாள். பக்கத்தில் இருந்தவளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"பாபு, எங்க ஊட்டுக்கு நீ கேன் தூக்கிகினு வந்தப்போருந்து உன்ன எனக்குத் தெரியும். எனக்குக் கண்ணு நல்லாத்தான் கீது. தட்ட நீட்டிகினு, உன் மூஞ்சிக்கு நேரா வெச்சுக் கேக்கறானுங்க. கொறயலன்னு எப்டி சொல்றது? ஒரு மரியாதிக்கு ஆமான்னேன். இவங்கெல்லாம்கூட அப்டித்தான் சொல்லிகீறாங்க. நாங்க மரியாதிக்குப் பொய் சொன்னோம். நீ இன்னாத்துக்குப்பா சொன்ன?"

பாபு மைக்கை ஆசனத்தில் வைத்துவிட்டுப் பின்வாசல் பக்கம் பார்த்தான்.

"என் காலு எரியுது. நேத்தும் எரிஞ்சுது. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. இங்க வந்து இத்தினி வாரமாச்சு, கொறஞ்சுதா கொறஞ்சுதான்னுதான் கேட்டீங்க. எரியுதான்னு ஒருத்தர் கேட்டீங்களா?" வேம்புலியம்மாள் புடவைக் கரையைத் தூக்கிக் காலைக் காட்டினாள்.

அஞ்சலை எழுந்தாள். "எனக்கும் தலை சுத்தினுதான் கீதுக்கா. வெளிய சொன்னா எனக்குத்தான் பக்தி இல்லன்னுவாங்கன்னு கம்முனு இருந்தேன்." அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. ஒருவருக்குப் பார்வை மங்கியிருந்தது, ஒருவருக்குப் பாதம் மரத்திருந்தது, ஒருவரின் தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் பலிக்கவில்லை என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இத்தனை நாளும் அந்தக் கொட்டகையின் கூரையைத் தாங்கிய தூண் அதுதான்.

ஆத்திரத்தில் ஆறு கேனைத் தெருவில் உருட்டிவிட்டுச் சனங்கள் மேடையைப் பார்த்தபோது ஆசனம் காலியாக இருந்தது. சித்தரின் ஆணைப்படி தீர்த்தபாலர் பின்வழியாகக் கேன் ஏற்றும் குட்டியானை வண்டியில் மறைந்தருளியிருந்தார். இரண்டு நாள் கழித்துப் போலீஸ் அவரைத் திருநின்றவூரில் பிடித்தபோது காவி வேட்டிக்குமேல் ஒரு ஜெர்க்கின் போட்டிருந்தாராம்.

வினோத் காலியான கொட்டகையில் டேப்போடு உட்கார்ந்திருந்தான். "அப்ப அந்தத் தொண்ணூத்தேழும் இப்படித்தானுங்களா மேடம்?"

"உங்கம்மா இப்ப மாத்திரை போடறாங்களா?" என்று எழிலரசி திருப்பிக் கேட்டாள். அவன் எழுந்து வீட்டுக்கு ஓடினான்.

அன்று மாலையே வேம்புலியம்மாளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அப்துல் ரசாக்கின் ஆட்டோவில்தான் போனார்கள். சீட்டு எழுதும் நர்ஸ் தலையைத் தூக்காமல் வழக்கம்போலக் கேட்டாள். "மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடறீங்க இல்லம்மா?"

ஆமாம் என்று சொல்வதற்குத் தோதாகவே செய்யப்பட்ட கேள்வி. எழிலரசி வாய் திறக்கப் போனாள். மாமியார் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"இல்லம்மா. போடல. நிறுத்திட்டேன்."

காலைக் காப்பாற்றிவிட்டார்கள். சுண்டுவிரலைக் காப்பாற்ற முடியவில்லை. ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் அதுவும் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். வேம்புலியம்மாள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

'இல்லை' என்கிற மூன்றெழுத்தைச் சொல்லப் பழக அவளுக்கு ஒரு விரல் செலவானது. உங்களுக்குப் பத்தும் பத்திரமாக இருக்கிறதல்லவா, இப்போதே சொல்லிப் பழகுங்கள்.